பல்கலைக்கழக அனுமதியும் தொழில் நியமனமும்: அமெரிக்காவில் இனம் பற்றிய விவாதத்தின் அடிப்படைகள்

2023 ஆம் ஆண்டு யூன் 29 ஆம் திகதி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மீயுயர் நீதிமன்றம், ஹாவார்ட் பல்கலைக்கழகமும் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் மாணவரைத் தெரிவு செய்யும்போது விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கிற் கொண்டமை சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் நிலவிய நடைமுறையொன்று அத்துடன் முடிவுக்கு வந்தது. இத்தீர்ப்பைப் பழைய நிறவெறியின் மீள்வருகை என்று ஒரு சாராரும், நிறம் பாராச் சமத்துவத்தின் வெற்றி என்று மற்றொரு சாராரும் வருணித்தனர். இவ்விரு வருணனைகளும் பிரச்சினையின் மேற்பரப்பையே தொடுகின்றன என்பது எமது கருத்து. 2023 இல் நேர்ந்த வீழ்ச்சிக்கான வித்து 1978 இலேயே, இந்நடைமுறையைக் காப்பாற்றியதாகக் கருதப்பட்ட தீர்ப்பினுள்ளேயே இடப்பட்டுவிட்டது. இழைக்கப்பட்ட அநீதிக்கு ஈடு என்ற நியாயம் அப்பொழுது கைவிடப்பட்டு, வகுப்பறையின் பன்முகத்தன்மை என்ற வேறொரு நியாயம் அதனிடத்தில் அமர்த்தப்பட்டது. இம்மாற்றத்தையும் அதன் விளைவுகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ‘அபேர்மேற்றிவ் அக்‌ஷன்’ எனப்படுவதைத் தமிழில் ‘சாதக நடவடிக்கை’ எனலாம். இச்சொற்றொடரை 1961 மார்ச் மாதம் ஜனாதிபதி கெனடி பிறப்பித்த நிறைவேற்று ஆணையே இனப் பாரபட்சம் தொடர்பான வழக்கில் புகுத்தியது. அரசாங்க ஒப்பந்தங்களைப் பெறும் கம்பனிகள், இனம் பாராது ஆட்சேர்ப்புச் செய்வதோடு அமையாது, அவ்வாறு செய்வதை உறுதிப்படுத்தச் சாதகமான நடவடிக்கைகளையும் எடுத்தல் வேண்டும் என அவ்வாணை பணித்தது. ஆகவே இக்கொள்கை பல்கலைக்கழக வளாகத்திற் பிறந்ததன்று. தொழிற்சாலை வாயிலிற் பிறந்தது. பிற்கால விவாதம் முழுவதும் பெயர்பெற்ற சில பல்கலைக்கழகங்களின் அனுமதியைச் சுற்றியே சுழல்வதால் இவ்வுண்மை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது.

அதற்கு முன்னர் பல்கலைக்கழகங்கள் இனம் பாராது திறமையை மட்டுமே அளந்துவந்தன என்றொரு மயக்கமும் உண்டு. 1868 இல் அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை அனைவர்க்கும் உறுதியளித்தது. எனினும் 1896 இல் மீயுயர் நீதிமன்றம், பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தாற் போதும் என்ற கோட்பாட்டை ஏற்று, அவ்வுறுதிமொழியை வெறும் எழுத்தாக்கியது. 1946 இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்த ஹீமன் சுவெற் என்ற கறுப்பின அஞ்சல் ஊழியர், தகைமைகள் இருந்தும் நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்ததும், அவரை உள்ளே விடுவதிலும் கறுப்பினத்தவர்க்கெனத் தனியொரு சட்டக் கல்லூரி திறப்பதே மேல் என அம்மாநில அரசு கருதி அவ்வாறே செய்தது. 1950 இல் நீதிமன்றம் சுவெற்றின் பக்கம் நின்றது. இன அடிப்படையிலான பாடசாலைப் பிரிவினை சட்டவிரோதமானது என்ற பெருந்தீர்ப்பு 1954 இல் வந்தது. ஆகவே இனம் என்ற அளவுகோல் 1960களிலே புதிதாக நுழைந்த ஒன்றன்று. அது யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதே மாறியது.

1964 ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம், மத்திய அரசின் நிதியைப் பெறும் நிறுவனங்களிலும் தொழில் நியமனத்திலும் இனப் பாரபட்சத்தைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி ஜோன்சன், நெடுங்காலம் விலங்கிடப்பட்டிருந்த ஒருவனை அவிழ்த்துவிட்டு ஓட்டப்பந்தயத்திலே நிறுத்தினால் மட்டும் போட்டி நியாயமானதாகிவிடாது என்ற கருத்தை ஹவார்ட் பல்கலைக்கழகத்தில், அதாவது ஹாவார்ட்டினின்றும் வேறான, வாசிங்டனிலுள்ள கறுப்பினத்தவரின் பழம்பெரும் பல்கலைக்கழகத்தில், ஆற்றிய உரையில் முன்வைத்தார். அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் பிறப்பித்த 11246 ஆம் இலக்க நிறைவேற்று ஆணை, கெனடியின் ஆணைக்கு உறுதியான நிருவாக அமைப்பை வழங்கியது.

சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதை அறிய கிறிக்ஸ் வழக்கைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். வட கரோலைனா மாநிலத்து டிறேப்பர் என்னுமிடத்தில் டியூக் மின்சாரக் கம்பனிக்கு ஒரு மின்நிலையம் இருந்தது. அங்கு பணியாற்றிய 95 பேருள் 14 பேர் கறுப்பினத்தவர். அவர்கள் கூலிவேலைப் பகுதியில் மட்டுமே அமர்த்தப்பட்டனர். அப்பகுதியில் மிகக் கூடிய ஊதியம், ஏனைய பகுதிகளின் மிகக் குறைந்த ஊதியத்திலும் குறைவாக இருந்தது. புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த 1965 யூலை 2 ஆம் திகதியன்றே அக்கம்பனி தனது விதிகளை மாற்றியது. நல்ல பகுதிகளிற் புதிதாகச் சேர விரும்புவோர் உயர்பாடசாலைச் சான்றிதழ் பெற்றிருப்பதோடு இரண்டு உளச்சார்புப் பரீட்சைகளிலும் சித்தியடைதல் வேண்டும் என்றது. விதியில் இனம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 1960 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்மாநிலத்தில் வெள்ளையின ஆண்களுள் 34 வீதத்தினரும் கறுப்பின ஆண்களுள் 12 வீதத்தினருமே உயர்பாடசாலைக் கல்வியை முடித்திருந்தனர். பிரித்து வைக்கப்பட்ட பாடசாலைகளின் விளைவு அது. மேலும், அச்சான்றிதழ் இல்லாமலே முன்னர் சேர்ந்த வெள்ளையர்கள் அப்பகுதிகளில் அதே வேலைகளைத் திருப்திகரமாகச் செய்துவந்தனர்.

1971 இல் நீதிமன்றம் ஒருமனதாகத் தொழிலாளருக்குச் சார்பாகத் தீர்த்தது. வேலையின் தேவையோடு தொடர்புடையதென நிறுவப்படாத ஒரு தகைமை, ஓரினத்தவரைப் பெருமளவு விலக்கி வைக்குமாயின், எண்ணம் எதுவாயினும் அது பாரபட்சமே என்பது தீர்ப்பின் சாரம். பிரதம நீதியரசர் பேர்கர் அதனை விளக்குவதற்குக் கொக்குக்கும் நரிக்கும் ஒரே பாத்திரத்தில் விருந்து வைத்த ஈசாப்புக் கதையைச் சுட்டினார். பாத்திரம் எவருக்கும் பொதுவானது. ஆயினும் அது எவரது வாயின் அமைப்புக்கேற்பச் செய்யப்பட்டது என்று கேட்க வேண்டும். ‘திறமை’ என்ற சொல்லை இவ்விவாதத்தில் எடுத்தாள்வோர் அனைவரும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவென்றே நாம் கருதுகிறோம்.

தொழிற்துறையில் ஈடு என்ற நியாயம் எவ்வளவு தெளிவாக இயங்கியது என்பதற்கு 1979 ஆம் ஆண்டின் வெபர் வழக்கு மற்றொரு சான்று. லூசியானாவின் கிறமேர்சி நகரிலிருந்த கைசர் அலுமினியத் தொழிற்சாலையில் திறன்மிக்க தொழிலாளர் 273 பேருள் கறுப்பினத்தவர் ஐவரே. அப்பகுதித் தொழிலாளருள் அவர்களின் பங்கோ 39 வீதம். கம்பனியும் தொழிற்சங்கமும் 1974 இல் செய்துகொண்ட உடன்படிக்கை, புதிய பயிற்சி இடங்களிற் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. அவ்விகிதம் சீரானதும் ஒதுக்கீடு முடிவுறும் என்றும் கூறியது. தொழிற்சங்கங்களே நெடுங்காலம் கறுப்பினத்தவரைக் கைவினைத் தொழில்களினின்றும் ஒதுக்கி வைத்தன என்பது யாவரும் அறிந்தது. இங்கு தவறு இன்னதெனத் தெரிந்தது; அதனாற் பாதிக்கப்பட்டோர் இன்னாரெனத் தெரிந்தது; பரிகாரத்தின் எல்லையும் தெரிந்தது. நீதிமன்றம் அதனை அனுமதித்தது.

பல்கலைக்கழகங்களிலோ கதை வேறு திசையிற் சென்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவ பீடம் 1968 இல் 50 மாணவருடன் தொடங்கியது. அவர்களுள் ஒருவரேனும் கறுப்பினத்தவரல்லர். பின்னர் இடங்கள் நூறாக உயர்ந்தபோது, அவற்றுள் 16 இடங்கள் சிறுபான்மையினருக்கென ஒதுக்கப்பட்டன. 1973 இலும் 1974 இலும் அனுமதி மறுக்கப்பட்ட அலன் பாக்கி என்ற வெள்ளையினப் பொறியியலாளர், ஒதுக்கீட்டின் கீழ் அனுமதிக்கப்பட்ட பலரிலும் தமது புள்ளிகள் மேலானவை எனக் காட்டி வழக்காடினார். 1978 இல் ஒன்பது நீதியரசர்களும் நான்கு, நான்கு, ஒன்று எனப் பிரிந்தனர். அந்த ஒருவராகிய பவல் எழுதியதே சட்டமாயிற்று. ஒதுக்கீடு கூடாது, பாக்கி அனுமதிக்கப்பட வேண்டும், ஆனால் பன்முகத்தன்மை கொண்ட மாணவர் குழாம் கல்விக்கு நன்மை தருமாதலால், இனத்தைப் பல அமிசங்களுள் ஒன்றாகக் கணக்கிலெடுக்கலாம் என்றார் அவர். அதற்கு முன்மாதிரியாக அவர் எடுத்துக்காட்டியது ஹாவார்ட்டின் அனுமதி முறையை.

சமூகத்திற் பரவலாக நிலவிய பாரபட்சத்துக்கு ஈடாக ஒரு பல்கலைக்கழகம் இடம் ஒதுக்கலாம் என்ற வாதத்தைப் பவல் மறுத்தார். டேவிஸ் பீடமோ பத்தாண்டு வயதும் நிரம்பாதது; தான் இழைத்த பழைய குற்றம் என்று காட்ட அதனிடம் எதுவுமில்லை. முந்நூறு ஆண்டு வரலாறு ஒரு புதிய பீடத்தின் குறுகிய வரலாற்றுக்குள் அடக்கப்பட்டு, அங்கே குற்றம் காணப்படவில்லை எனத் தள்ளப்பட்டது. நீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதியரசரான தேர்குட் மார்ஷல், ஒரு மக்கட் கூட்டத்தினர் என்ற வகையிலேயே பல நூற்றாண்டுகள் ஒடுக்கப்பட்டவர்களுக்கு, அக்கூட்டத்தினர் என்ற வகையிலே பரிகாரம் வழங்க நீதிமன்றம் தயங்குவதைத் தமது தனித் தீர்ப்பிற் கடிந்தார். அன்று அவர் கண்ட முரண்பாடு பின்னர் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இம்மாற்றத்தின் விளைவுகள் மூன்று திசைகளிற் பரவின. பன்முகத்தன்மை வாதத்தின்படி கறுப்பின மாணவன் உரிமையுடையவனாக உள்ளே வருவதில்லை. பிற மாணவரின் கல்வியைச் செழுமைப்படுத்தும் சாதனமாகவே வருகிறான். நன்மையின் அளவு யாது, அது எப்போது நிறைவுறும் என்ற வினாக்களுக்கும் அவ்வாதத்தில் விடையில்லை. 2023 இல் பிரதம நீதியரசர் றொபேர்ட்ஸ் பற்றிக்கொண்டது இப்பலவீனத்தையே. அளவிட முடியாத நோக்கமும் முடிவுத் திகதியற்ற வழிமுறையும் நீதிமன்றப் பரிசீலனைக்கு நிற்கமாட்டா என்றார் அவர்.

அடுத்து, பன்முகத்தன்மைக்கு வரலாறு தேவையில்லை. அடிமைகளின் வழித்தோன்றலும், அண்மையில் நைஜீரியாவிலிருந்தோ ஜமேக்காவிலிருந்தோ வந்த கல்விமானின் பிள்ளையும் அதற்கு ஒன்றே. டக்ளஸ் மாசியும் அவரது சகாக்களும் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, போட்டிமிக்க கல்லூரிகளிற் சேர்ந்த கறுப்பின மாணவருள் 27 வீதத்தினர் குடிவந்தோர் அல்லது குடிவந்தோரின் பிள்ளைகள். அவ்வயதுக் கறுப்பினத்தவர் அனைவருள்ளும் அத்தகையோர் 13 வீதமே. குடிவந்தோருக்கு இடம் கிடைப்பதில் தவறில்லை. ஆயின் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களைத் தவறவிடும் ஏற்பாடு அதே பெயரைத் தொடர்ந்து சூடிக்கொள்வது பொருந்துமா?

மூன்றாவதாக, வெளிப்படையான கணக்குத் தண்டிக்கப்பட்டது. மறைவான கணக்குக்கு வெகுமதி கிடைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 150 புள்ளி கொண்ட அட்டவணையில் ஒடுக்கப்பட்ட சிறுபான்மையினருக்கு 20 புள்ளிகளை ஒளிவுமறைவின்றி வழங்கியது. 2003 இல் அது சட்டவிரோதம் எனத் தீர்க்கப்பட்டது. அதே நாளில், அதே பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை ‘முழுமையாக நோக்கி’ இனத்தைக் கருதியமை ஏற்கப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளின் பின் இதற்குத் தேவையிராது என எதிர்பார்ப்பதாக நீதியரசர் ஒகோனர் அத்தீர்ப்பில் எழுதினார். இருபது ஆண்டுகளிலேயே அது முடிந்தது, தேவை தீர்ந்தமையாலன்று.

‘முழுமையாக நோக்கும்’ முறையின் இருளில் நடந்தவை ஹாவார்ட் வழக்கிலேதான் வெளிச்சத்துக்கு வந்தன. எட்வேட் புளூம் என்ற வலதுசாரிச் செயற்பாட்டாளர் நிறுவிய அமைப்பு 2014 இல் இவ்வழக்கைத் தொடுத்தது. ஆசிய அமெரிக்க விண்ணப்பதாரர் கல்வித் தரத்தில் உயர்ந்த மதிப்பீடு பெற்றும், ‘ஆளுமை’ என்ற மதிப்பீட்டிலே சராசரியாகப் பிறரிலும் தாழ்ந்தனர் என்பது சான்றுகளால் வெளிப்பட்டது. விசாரணை நீதிமன்றம் இதில் திட்டமிட்ட பாரபட்சத்தைக் காணவில்லை. எனினும் ஒருவரை நேரிற் காணாமலே அவரது பண்பு எண்ணாக்கப்படும் ஓர் ஏற்பாட்டை எவ்வாறு நியாயப்படுத்துவது? ‘ஆசியர்’ என்ற அத்தலைப்பின் கீழ் சீனரும், கொரியரும், கம்போடிய அகதிகளின் பிள்ளைகளும், எம்மிடையேயிருந்து சென்றோரின் பிள்ளைகளும் ஒன்றாக அடக்கப்பட்டிருந்தனர். 1882 இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் நுழைவதையே சட்டத்தினால் தடைசெய்த நாடு அது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே வழக்கின் ஏடுகள் மற்றொன்றையும் காட்டின. ஹாவார்ட் அனுமதித்த வெள்ளையின மாணவருள் 43 வீதத்துக்கு மேற்பட்டோர் விளையாட்டு வீரர், பழைய மாணவரின் பிள்ளைகள், பல்கலைக்கழக ஊழியரின் பிள்ளைகள், நன்கொடையாளரின் உறவினர் முதலியோராகத் தனிப் பட்டியலில் இருந்த விண்ணப்பதாரர்கள். கறுப்பின, ஆசிய, இலத்தீன் அமெரிக்க மாணவருள் இத்தகையோர் ஒவ்வோரினத்திலும் 16 வீதத்திற் குறைவு. ஒரே பரீட்சைப் புள்ளிகளைப் பெற்றிருந்தும், நடுத்தர வர்க்கப் பிள்ளையிலும் உச்ச ஒரு வீதச் செல்வரின் பிள்ளைக்கு இத்தகைய கல்லூரிகளில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல் என ராஜ் செட்டி முதலிய பொருளியலாளர் 2023 இல் காட்டினர். ஆசியப் பிள்ளையும் கறுப்பினப் பிள்ளையும் ஒரே பாயின் ஓரத்தை இழுத்துக்கொண்டிருக்க, பாயின் நடுவில் அமர்ந்திருந்தவர் யாரென எவரும் கேட்கவில்லை. நீதிமன்றமும் இனத்தை விலக்கியது. பரம்பரைச் சலுகையைத் தொடவில்லை. அதன் பின்னர் வேர்ஜீனியா, மேரிலாந்து, இலினோய், கலிபோர்னியா முதலிய சில மாநிலங்கள் 2024 இல் அதற்கெதிராகச் சட்டமியற்றின.

இவ்விடத்தில் இலங்கை வாசகர் மனத்தில் எழக்கூடிய ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது. அமெரிக்க விவாதத்திலேயே இலங்கை ஒரு சான்றாக நிறுத்தப்பட்டிருக்கிறது. தோமஸ் சோவெல் என்ற கறுப்பினப் பொருளியலாளர், 2004 இல் வெளியிட்ட நூலில் இந்தியா, மலேசியா, நைஜீரியா ஆகியவற்றோடு இலங்கையையும் ஆராய்ந்து, தற்காலிகமெனத் தொடங்கும் முன்னுரிமைகள் நிலைத்துவிடுகின்றன, குழுவினுள் வசதி படைத்தோருக்கே பயன்படுகின்றன, இனப்பகையை வளர்க்கின்றன என வாதிட்டார். எமது தரப்படுத்தலும் அதன் பின் வந்த யுத்தமும் அவருக்கு எச்சரிக்கைக் கதைகளாயின.

இவ்வொப்பீடு பாதி வழிதான் செல்லும். 1970/71 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ் மொழிமூல மாணவரிடம் 400 இற்கு 250 புள்ளியும் சிங்கள மொழிமூல மாணவரிடம் 229 புள்ளியும் கோரப்பட்டன. அது, ஆட்சியைக் கையில் வைத்திருந்த பெரும்பான்மை தனக்கே வழங்கிக்கொண்ட முன்னுரிமை. அமெரிக்காவிலோ, ஒடுக்கிய பெரும்பான்மை தான் ஒடுக்கிய சிறுபான்மைக்குக் கதவைத் திறக்க முற்பட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது அதிகாரம் யாரிடமிருந்தது என்பதை மறைப்பதாகும்.

ஆயினும் இவ்விடையோடு அமைந்துவிடுதல் எமக்கு எளிது, எளிதாயிருப்பதனாலேயே ஐயத்துக்குரியது. குடியேற்றக் காலத்து மிசனரிப் பாடசாலைகளால் யாழ்ப்பாணம் பெற்ற மேம்பாட்டுக்கு ஈடு கோருகிறோம் என்றுதான் தரப்படுத்தலை ஆதரித்தோரும் கூறினர். ஈடு என்னும் நியாயத்தை எவரும் உரிமைகோரலாமெனில் அதற்கு எல்லை எது? கிறிக்ஸ், வெபர் வழக்குகள் ஒரு விடையைத் தருகின்றன. எண்ணிக்கை வேறுபாடு கேள்வியை எழுப்பும், அதுவே விடையாகிவிடாது. யார், எந்த விதியால், எவரை விலக்கினர் என்பது நிறுவப்பட வேண்டும். கிராமத்துச் சிங்கள மாணவனைத் தமிழ் மாணவன் விலக்கி வைக்கவில்லை. ஆய்வுகூடமில்லாத பாடசாலை விலக்கி வைத்தது. அக்குறை மொழியைப் பொறுத்ததன்று, இடத்தைப் பொறுத்தது. 1974 இல் வந்த மாவட்டக் கோட்டா யாழ்ப்பாணத்து மாணவரைக் கடுமையாகப் பாதித்தது உண்மை. எனினும் மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ், முஸ்லிம் மாணவர் பலருக்கு அதுவே பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது என்பதையும் மறைத்தலாகாது. எமது பாடசாலைகளிலேயே சம ஆசனத்துக்காக ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட நேர்ந்ததை அறிந்த நாம், ‘தூய திறமை’ என்ற கொடியை உயர்த்துமுன் சற்று நிதானித்தல் நன்று.

இடத்தை அடிப்படையாகக் கொள்ளும் இவ்வழியை அமெரிக்காவும் பரீட்சித்துப் பார்த்தது. 1996 இல் கீழ்நிலை நீதிமன்றத் தீர்ப்பொன்றால் இனத்தைக் கருதுவது தடைப்பட்டபோது, மாநிலத்தின் ஒவ்வோர் உயர்பாடசாலையிலும் முதற் பத்து வீதத்தினருக்குப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என டெக்சாஸ் 1997 இற் சட்டமியற்றியது. அது ஓரளவு பயன் தந்ததற்குக் காரணம் விசித்திரமானது. பாடசாலைகள் நடைமுறையில் இன்னும் இனவாரியாகப் பிரிந்து கிடந்தமையே அது. அமெரிக்கப் பாடசாலைகளின் நிதியிற் பெரும் பங்கு அவ்வப்பகுதியின் ஆதனவரியிலிருந்து வருகின்றது. செல்வர் வாழும் பகுதியில் செல்வமான பாடசாலை. இவ்வேற்றத்தாழ்வைச் சீராக்க அரசியலமைப்பிற் கடப்பாடில்லை என மீயுயர் நீதிமன்றம் 1973 இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையாற் கூறியது. அடித்தளம் அவ்வாறிருக்க, உச்சியிலுள்ள சில ஆயிரம் இடங்களுக்கான போராட்டமே தேசிய விவாதமாயிற்று.

தொழிற்சந்தையிலும் நிறம் மறைந்துவிடவில்லை. டிவா பேஜர் 2003 இல் வெளியிட்ட மில்வோக்கி நகர ஆய்வில், தகைமை ஒத்த இளைஞர்கள் சாதாரண வேலைகளுக்கு விண்ணப்பித்தனர். சிறைக்குச் சென்றதாகக் கூறிய வெள்ளையருள் 17 வீதத்தினர் மீள அழைக்கப்பட்டனர். குற்றப் பதிவே இல்லாத கறுப்பினத்தவருள் 14 வீதத்தினரே அழைக்கப்பட்டனர். பாரபட்சத்தைத் தடைசெய்யும் சட்டம் இருந்தும் நிலைமை இது.

2023 ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பின், 2024 இல் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் புதுமுக மாணவருள் கறுப்பினத்தவரின் பங்கு ஏறத்தாழ 13 வீதத்திலிருந்து 5 வீதமாக வீழ்ந்தது. ஆசியரின் பங்கு உயர்ந்தது. வெள்ளையரின் பங்கு ஏறக்குறைய மாறவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் கறுப்பினத்தவரின் பங்கு 14 வீதமாகவே நின்றது. ஓராண்டுக் கணக்கிலிருந்து பெரிய முடிவுகளுக்கு வருதல் அவசரமாகும்.

தொழில் நியமனத்தில் மாற்றம் நிருவாகத்தின் வழியே வந்தது. 2025 சனவரி 21 ஆம் திகதி ஜனாதிபதி டிரம்ப், அறுபதாண்டு நிலைத்த 11246 ஆம் இலக்க ஆணையை நீக்கினார். அவ்வாண்டு ஏப்ரலில் பிறப்பித்த மற்றோர் ஆணையில், விளைவை வைத்துப் பாரபட்சத்தை அளக்கும் கிறிக்ஸ் கோட்பாட்டை நடைமுறைப்படுத்துவதை அரசாங்க நிறுவனங்கள் தளர்த்த வேண்டும் எனப் பணித்தார். ஆனால் அக்கோட்பாடு நீதிமன்றத் தீர்ப்பாக மட்டும் நிற்கவில்லை. 1991 ஆம் ஆண்டில் காங்கிரஸ் அதனைச் சட்டத்தில் எழுதிச் சேர்த்தது. ஆகவே அரசாங்கம் வழக்குத் தொடராது விடலாம்; டிறேப்பர் மின்நிலையத்துத் தொழிலாளர் பதின்மூவர் அன்று செய்ததுபோல், பாதிக்கப்பட்டவர் தாமே நீதிமன்றம் செல்வதை ஆணையொன்றினால் மட்டும் தடுத்துவிட முடியாது.